பிரபுவின் தலைமேல் நாற்று

"சென்செய், இங்கே பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்லட்டும்?"

கேட்டவருக்கு வயது அறுபத்தாறு. கேட்கப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டு. ஆசிரியரை அந்த நாட்டில் சென்செய் என்பார்கள். வயதைப் பார்த்து அல்ல, தெரிந்ததைப் பார்த்து.

சென்செய் குனிந்து, கல் வாய்க்காலில் கிடந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்.

"போன முறையும் இதையே கேட்டேன். அப்போதும் இலைதான் அள்ளினீர்கள்."

"போன முறையும் இலை விழுந்திருந்தது."

ஜப்பானில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு கசுமிதானி. ஒரு காலத்தில் அது அரிமோரி பிரபுக்களின் கோட்டை நகரம். நான்கு தலைமுறை ஆண்டார்கள். பத்தாயிரம் பேர் வாழ்ந்தார்கள். பிறகு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படை வந்தது. ஊர் இரண்டு நாள் எரிந்து மூன்றாம் நாள் அணைந்தது. அதற்கப்புறம் நானூறு வருடம் அங்கே நெல் விளைந்தது. ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால்தான் மண்ணை நீக்கிப் பார்த்தார்கள்.

கீழே ஊர் அப்படியே இருந்தது. அப்படியே என்றால் கூரை இல்லை, சுவர் இல்லை, கதவு இல்லை. தூண் நின்ற கற்கள், வாய்க்கால்கள், கிணறுகள். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த இடம் மாதிரி. இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். ஒரே ஒரு தெருவை மட்டும் பழைய கற்களின் மேலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் வருகிறவர்கள் எதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பது?

சுற்றிக் காட்டுவது உள்ளூர்க்காரர்கள். சம்பளம் கிடையாது. இடது கையில் கட்டிக்கொள்ள ஒரு பச்சைப் பட்டை உண்டு. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் ஹமனாகா இட்சுகோ சென்செய். அடுத்த ஊரிலிருந்து மருமகளாக வந்தவர். மூன்று பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைக் கடைசி வரை பார்த்து, மிச்சமிருந்த பொறுமையையெல்லாம் இந்தக் கற்களுக்குக் கொடுத்துவிட்டவர். மனிதர்களுக்கு என்று தனியாக எடுத்து வைக்கவில்லை.

குரோசே சதஹாரு அவரிடம் இரண்டு வருடமாகச் சீடர். அதற்கு முன்னால் ரயில் நிலைய அதிகாரி. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு வண்டியைக்கூடத் தாமதமாக அனுப்பியதில்லை. இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

பட்டைக்கான தேர்வில் அவர் இரண்டு முறை தவறியிருந்தார்.

முதல் முறை, ஒரே கல்லின் முன்னால் நின்று அரிமோரி வம்சத்தின் வரலாற்றை இரண்டு மணி நேரம் சொன்னார். ஒருவர் நின்றபடியே தூங்கிப் போனார்.

இரண்டாம் முறை எல்லாம் சரியாகத்தான் போனது. ஒன்பதாம் மனையை மட்டும் தாண்டி நடந்துவிட்டார்.

"ஏன் தாண்டினீர்கள்?" என்று சென்செய் கேட்டார்.

"அங்கே என்ன, ஒரு கிணறு."

"கிணறு என்றால்?"

"குழி. அதையும் மூடியாகிவிட்டது."

"போய் வாருங்கள். அடுத்த வருடம் பார்க்கலாம்."

அந்தக் கிணறு உண்மையில் மூடித்தான் இருந்தது. ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். பக்கக் கல் சரிகிறது என்று மறுபடி மணல் போட்டு நிரப்பிவிட்டார்கள். மணலின் நடுவே ஒரு மூங்கில் நிற்கும். கிணற்றை மூடினால் அது மூச்சுவிட ஒரு வழி வைக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தெய்வத்துக்குத் திணறும். மூங்கில் மக்கிவிடும் என்பதால் வருடா வருடம் வசந்தத்தில் புதிது வைப்பார்கள். முன்பு ஒரு பெரியவர் அதைச் செய்துவந்தார். அவர் போனபின், பதினொரு வருடமாக, சென்செய் செய்கிறார்.

இன்றைக்கு மூன்றாவது முறை. இதிலும் தவறினால் புல் வெட்டும் குழுவோடு போக வேண்டும் என்பது விதி. புல் வெட்டுகிறவர்களுக்குப் பட்டை கிடையாது, தொப்பிதான். குரோசேயின் மனைவி யோஷியே காலையில் அவருடைய சட்டையின் இடது கையை மட்டும் இரண்டு தரம் இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தாள். பக்கத்து வீட்டில் சொல்லியும் ஆகிவிட்டது.

"யார் வருகிறார்கள், சென்செய்?"

"மகளிர் சங்கம். பதினொரு பேர். மலைக்கு அந்தப் பக்கம்."

குரோசே நிமிர்ந்தார்.

"அவர்களா? எரித்தவர்களா?"

"எரித்தவர்கள் செத்து நானூறு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் மத்தியானத்துக்கு மீன் வறுவல் சொல்லியிருக்கிறார்கள்."

"இருந்தாலும்... அவர்கள் முன்னால் போய், இதோ கல், இதோ இன்னொரு கல் என்று காட்டிக்கொண்டு... அவர்கள் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிடாதீர்கள், சென்செய்."

"தலை உங்களுடையது."

டிக்கெட் கொடுக்கும் அறையின் சுவரில் ஒரு பச்சை மூங்கில் சாய்த்து வைத்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், கைப்பிடிப் பருமன், அன்று காலைதான் வெட்டியது. குரோசே அதைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்ன?" என்றார் சென்செய்.

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாததற்கு வாயைத் திறக்காதீர்கள். கொசு உள்ளே போய்விடும்."

பத்து மணிக்கு பஸ் வந்தது.

சங்கத் தலைவி ஒகுனோ அம்மாள். எழுபத்தெட்டு வயது, பல் டாக்டரின் மனைவி. கையில் ஒரு தடி. அது ஊன்றுவதற்கு அல்ல, சுட்டுவதற்கு என்பது இறங்கிய உடனேயே தெரிந்தது.

"நீங்கள்தானா காட்டப் போகிறவர்? எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?"

"ஒரு மணி பத்து நிமிடம், அம்மா."

"கழிப்பறை?"

"அதோ, அந்த மரத்துக்குப் பின்னால்."

"அப்புறம் என்ன, நடங்கள்."

சென்செய் கூட்டத்தின் கடைசியில் சேர்ந்துகொண்டார். தேர்வு நாளில் அவர் வாய் திறக்கமாட்டார். அதுவும் விதிதான். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

குரோசே முதலில் நகரத்தின் வாசலுக்கு அழைத்துப் போனார்.

"இந்த வாசல் வழியாகத்தான் அரிமோரி பிரபு வேட்டை முடிந்து குதிரையில் வருவார். பின்னால் முந்நூறு பேர்."

ஒகுனோ அம்மாள் சுற்றிலும் பார்த்தாள். "எங்கே வாசல்?"

"இதோ, இந்த இரண்டு கற்கள்."

"ஓ." தடியால் ஒரு கல்லைத் தட்டினாள். "நல்ல வாசல். தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள் போல."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குரோசேயின் காது சிவந்தது.

சாயக்காரர் வீட்டைக் காட்டினார். வரிசையாகச் சாடிகள் புதைத்திருந்த பள்ளங்கள். தேநீர் அறையைக் காட்டினார். நான்கு கற்கள். தலைநகரம் போரில் சீரழிந்தபோது அங்கிருந்த கவிஞர்களும் துறவிகளும் இங்கேதான் அடைக்கலம் தேடி வந்தார்கள் என்றார். பேசப் பேசக் குரல் ஏறியது. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி பழுதானால் அவர் குரலே போதும் என்பார்கள்.

"பத்தாயிரம் பேர் வாழ்ந்த நகரம், அம்மா. உங்கள் ஊரில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ஒகுனோ அம்மாள். "உங்கள் ஊரை எரிக்கப் போதுமான பேர் இருந்திருக்கிறார்கள்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடி இழுக்கிறாய்? அவர் கேட்டார், நான் சொன்னேன்."

குரோசே நின்றார். கழுத்துப் பொத்தானைச் சரிசெய்தார். எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"எங்கள் குடும்பம் இந்தக் கோட்டையில் வாள் பிடித்தது."

உள்ளூரில் இதைச் சொன்னால் எல்லோரும் "அப்படியா" என்று தலையாட்டுவார்கள். அதோடு முடிந்துவிடும். முகத்துக்கு நேரே நம்பவில்லை என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கத்திலும் கிடையாதுதான். ஆனால் ஒகுனோ அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது.

"அப்படியா," என்றாள். "எந்த வீடு உங்களுடையது?"

"வீடு... அது அந்தப் பக்கம். மேலே."

"வாள் பிடித்தவர்கள் ஒருவர் விடாமல் பிரபுவோடு செத்துப்போனார்கள் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறீர்களே. அப்புறம் நீங்கள் எப்படி வந்தீர்கள்?"

குரோசே திரும்பி நடந்தார். வேகமாக நடந்தார்.

வாள் எப்போது வந்தது என்பது அவருக்குத் தெரியும். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளத்தாக்கைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நெல் வயலுக்கடியில் பிரபுவின் நகரம் என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். மறுநாள் வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று சொன்னான்: "குரோசே வீட்டுக்காரர்கள் பிரபுவின் தலைமேல் நாற்று நட்டவர்கள்." வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அந்தப் பள்ளியை விடுகிற வரைக்கும் அதுதான் அவருக்குப் பெயர். "ஏய் தலைமேல் நாற்று, இங்கே வா." வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறியதும் அவர் முதலில் செய்த காரியம், முன்னோர் கையில் ஒரு வாளைக் கொடுத்ததுதான்.

ஒகுனோ அம்மாள் விடவில்லை. தடியை ஊன்றாமலே பின்னால் வந்துவிட்டாள்.

"கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நாங்கள் வந்தோம், எரித்தோம், போய்விட்டோம். எங்கள் ஊர்ப் புத்தகத்தில் அதோடு முடிந்துவிடுகிறது. எரித்தபிறகு இங்கே என்ன நடந்தது?"

"ஒன்றும் நடக்கவில்லை."

"நானூறு வருடம் ஒன்றும் நடக்கவில்லையா?"

"நெல்தான்."

"நெல் தானாக முளைத்ததா?"

குரோசே நின்றுவிட்டார். கேள்விக்காக அல்ல. ஒன்பதாம் மனை வந்துவிட்டது. தாண்டிப் போகலாம் என்று பார்த்தால், வழியை மறித்துக்கொண்டு சென்செய் முழங்காலிட்டிருந்தார்.

எப்போது கூட்டத்தை விட்டு முன்னால் வந்தார், எப்போது மூங்கிலை எடுத்துவந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மணலில் நின்ற பழைய மூங்கிலை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அது கறுத்து, நுனி உளுத்துப்போயிருந்தது. அதைப் பக்கத்தில் போட்டார். பச்சை மூங்கிலைத் தூக்கி அந்தத் துளையில் நிறுத்தினார்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கிணற்றுக்கு மூச்சு வைக்கிறேன்."

மரச்சுத்தியை ஓங்கினார்.

"நிறுத்துங்கள்!"

முழு பிளாட்பாரத்துக்கும் கேட்கிற குரல். இரண்டு பெண்கள் எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்கள். மேலே மரத்திலிருந்து காகம் ஒன்று பறந்தது.

"அதை அடிக்காதீர்கள்!" குரோசே மூங்கிலை எட்டிப் பிடித்தார். "கணு உடைக்கவில்லை நீங்கள். உள்ளே ஒவ்வொரு கணுவிலும் அடைத்திருக்கிறது. அதில் எப்படி மூச்சுப் போகும்? அது வெறும் கம்பு! வருடா வருடம் கம்பைக் கொண்டுவந்து குத்துகிறீர்கள். பதினொரு வருடமாக! பதினொரு வருடமாக அது உள்ளே..."

அங்கே நிறுத்திக்கொண்டார்.

சென்செய் சுத்தியைக் கீழே வைத்தார்.

"பதினொரு வருடமாக உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தினமும் இந்த வழியாகத்தான் வருகிறீர்கள்."

"ஆமாம்."

"ஒரு வார்த்தை சொல்லவில்லை."

குரோசே தரையைப் பார்த்தார். சொல்லியிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். இப்போதும் அது வரத்தான் போகிறது.

வரவில்லை. சென்செய் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"நான் அடுத்த ஊர்க்காரி. எனக்கு இவ்வளவுதான் தெரியும். காட்டுங்கள்."

குரோசே பெண்களைப் பார்த்தார். பதினொரு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்.

"இரும்புக் கம்பி வேண்டும்," என்றார். "நீளமாக. புல் வெட்டுகிறவர்களின் கொட்டகையில் இருக்கும். ஒரு அரிவாளும்."

ஒரு பெண் ஓடிப்போய் எடுத்து வந்தாள். சும்மா நின்றுகொண்டிருந்ததில் அவளுக்கும் அலுத்திருந்தது.

குரோசே மூங்கிலைச் சேறு படிந்த இரண்டு தூண் கற்களின்மேல் படுக்க வைத்தார். ஒரு கற்றையைக் கட்டுவதுபோல முழங்காலால் அழுத்திக்கொண்டு, கம்பியை மூங்கிலின் வாயில் விட்டுக் குத்தினார். முதல் கணு உடைந்தது. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது. மூன்றாவது. மூங்கிலைத் திருப்பி மறு பக்கத்திலிருந்து குத்தினார். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் கம்பியைச் சுழற்றித் துகளை வெளியே இழுத்தார். கை தானாகவே செய்தது. யோசித்துச் செய்கிற கை அப்படி இருக்காது.

அரிவாளால் மேல் நுனியைச் சாய்வாக வெட்டினார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார்.

"மழை அந்த மேற்கு இடுக்கிலிருந்துதான் வரும். அதனால் வாய் கிழக்கே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும்."

பிறகு மூங்கிலைத் தூக்கி வாயில் வைத்து, கன்னம் உப்ப, ஒரே ஒரு தரம் ஊதினார். மறு நுனியிலிருந்து வெள்ளைத் தூள் பறந்தது.

"அது எதற்கு?" என்றாள் ஒகுனோ அம்மாள்.

"தெரியாது. அப்பா ஊதுவார். தாத்தாவும் ஊதுவார்."

சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

சென்செய் கைகளைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார்.

"உங்கள் அப்பா," என்றாள் ஒகுனோ அம்மாள், இந்த முறை மெதுவாக, "வாள் பிடித்த குடும்பம் இல்லையா?"

"இல்லை."

குரோசே மூங்கிலைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இது எங்கள் வயல். இந்த இடத்திலிருந்து, அதோ அந்த வாய்க்கால் வரைக்கும். நடுவில் ஒரு மூங்கில் நிற்கும். கீழே கிணறு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஏன் நிற்கிறது என்று தாத்தாவைக் கேட்டால், கீழே யாரோ மூச்சு விடுகிறார்கள், மறிக்காதே என்பார். அவருக்கு அவர் தாத்தா சொன்னது. பனி உருகியதும், நாற்று நடுவதற்கு முன்னால், புது மூங்கில். வருடம் தவறக்கூடாது."

"வயலுக்கு நடுவிலா?" என்றாள் ஒரு பெண். அவள் விவசாயக் குடும்பம் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. "உழுவதற்குத் தொந்தரவாக இருக்குமே."

"தொந்தரவுதான். கலப்பை அதைச் சுற்றிப் போக வேண்டும். நாற்று வரிசையும் அந்த இடத்தில் வளையும். மேலே சாலையிலிருந்து பார்த்தால் எல்லா வயலும் கோடு போட்ட மாதிரி இருக்கும், ஒன்று மட்டும் வளைந்திருக்கும். அதுதான் குரோசே வயல். நேராக நடத் தெரியாதவர்கள் என்று கேலி செய்வார்கள். இயந்திரம் வந்தபிறகு இன்னும் சிரித்தார்கள். அப்பா இயந்திரத்தையும் வளைத்துத்தான் ஓட்டினார்."

அவர் குரல் ஏறவில்லை. ஆனாலும் கடைசியில் நின்ற பெண் வரைக்கும் கேட்டது.

"அரசாங்கம் வயலைக் கேட்டது. அப்பா கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு, வசந்தம்கூட இல்லை, நல்ல மழைக்காலம், போய் ஒரு புது மூங்கில் வெட்டிவந்தார். மறுநாள் தோண்ட வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றினார். நானும் கூட இருந்தேன். கணுவை நான்தான் உடைத்தேன்."

"தோண்டினார்களே, உள்ளே என்ன இருந்தது?"

"மூங்கில். அதற்குக் கீழே மூங்கில். அதற்கும் கீழே. முப்பத்தொரு துண்டு எடுத்தார்கள், மீதியெல்லாம் மக்கிவிட்டது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பிரபுவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில். மூங்கில் துண்டுகள், காலம் பல என்று சீட்டு ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டியின் முன்னால் யாரும் நிற்பதில்லை."

மூங்கிலைக் கையில் ஒரு முறை உருட்டினார்.

"நானும் நின்றதில்லை."

ஒகுனோ அம்மாள் தடியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். மணலில் இறங்கினாள். பனிக்காலத்துக் காலணி புதைந்தது.

"நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் அடியுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கையால் இந்த ஊரில் ஒன்றாவது நிமிர்ந்து நிற்கட்டும்."

"சட்டை அழுக்காகிவிடும், அம்மா."

"உங்களுடையது ஏற்கெனவே ஆகிவிட்டது. அடியுங்கள், ஐயா. பசிக்கிறது எனக்கு."

இரண்டு தரம் இஸ்திரி போட்ட இடது கையில் முழங்கை வரைக்கும் சேறு. குரோசே சுத்தியை எடுத்தார். அவள் மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான்கு முறை அடித்தார். மூங்கில் பாதி உள்ளே போய் அசையாமல் நின்றது. வாய் கிழக்கே பார்த்தது.

ஒகுனோ அம்மாள் உள்ளங்கையை அதன் வாய்க்கு மேலே வைத்தாள். சற்று நேரம் வைத்திருந்தாள்.

"குளிர்ச்சியாக வருகிறது," என்றாள்.

வந்ததோ இல்லையோ. மற்றப் பத்துப் பேரும் வரிசையில் நின்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஒருத்தி இரண்டாம் முறையும் வரிசையில் சேரப் பார்த்தாள், மற்றவர்கள் விடவில்லை.

"யார் வீட்டுக் கிணறு இது?" என்று கடைசியாக வந்தவள் கேட்டாள்.

"தெரியாது," என்றார் குரோசே. நிலையத்தில் வண்டி வருவதை அறிவிக்கிற மாதிரி, முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "வயல் எங்களுடையது."

பன்னிரண்டு மணிக்கு பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். மீன் வறுவல் ஆறிவிடும் என்று கத்தினார். பெண்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒகுனோ அம்மாள் மூங்கிலைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். பிறகு குரோசேயைப் பார்த்து அதே அளவு குனிந்தாள். அவரும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஹார்ன் இன்னொரு முறை அடித்தது.

சென்செய் அரிவாளையும் கம்பியையும் துடைத்துக்கொண்டிருந்தார். குரோசே பக்கத்தில் வந்து நின்றார்.

"சென்செய்."

"ம்."

"கணு உடைக்க வேண்டும் என்று நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதா?"

சென்செய் வாய்க்காலைப் பார்த்தார். "மறுபடியும் இலை விழுந்திருக்கிறது," என்றார்.

பிறகு ஏப்ரன் பையில் கையை விட்டு ஒரு பச்சைப் பட்டையை எடுத்தார். காலையிலிருந்தே பையில் கிடந்திருக்க வேண்டும். பை மடிந்த இடத்தில் பட்டையும் மடிந்திருந்தது.

"கையை நீட்டுங்கள்."

"சேறாக இருக்கிறது."

"எனக்கும் கண் இருக்கிறது. நீட்டுங்கள்."

குரோசே நீட்டவில்லை.

"வேண்டாம், சென்செய். நான் முடிக்கவில்லை. ஒரு மணி பத்து நிமிடம் என்று சொல்லி அழைத்துப் போய் இரண்டு மணி நேரம் ஆக்கிவிட்டேன். முப்பத்தெட்டு வருடத்தில் இப்படி ஆனதில்லை. பிரபுவின் அரண்மனையைக் காட்டவே இல்லை. எல்லோரும் அதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்?"

சென்செய் அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்தார். சேற்றின் மேலேயே பட்டையைச் சுற்றி, ஊக்கை மாட்டினார்.

"நானூறு வருடம் உங்கள் நாற்றுக்குக் கீழே பேசாமல் படுத்திருந்தவர் பிரபு. இவர்கள் சாப்பிட்டுவிட்டு வருகிற வரைக்கும் இருக்கமாட்டாரா?"